உள் என்று எழுதிய தகடு

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, எல்லாரும் டீக்குப் போயிருந்த நேரத்தில், நான் போட்ட மார்க்கிங் தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் டேப் இருந்தது. ஒன்றுக்கு நாலு தடவை பிடித்துப் பார்த்தேன். டேப் என்ன எனக்கு மாமனா மச்சானா, எனக்காகப் பொய் சொல்ல? ஆள் நுழையும் வாசலுக்கு வலது பக்கம் வர வேண்டிய பைப் துளை, இடது பக்கம் வந்து நின்றது.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் இது விளங்கும். என் பெயர் ரெக்ஸ். தூத்துக்குடியில் ஹார்பர் போகிற ரோட்டில், உப்பளங்களைத் தாண்டி இருக்கும் தேவமணி அண்ணாச்சியின் ஷெட்டில் மார்க்கிங் ஃபிட்டர். இரும்புத் தகட்டில் எங்கே வெட்ட வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுப்பவன். என் கோட்டுக்கு அப்புறம்தான் கட்டிங், அதற்கப்புறம் ரோலிங் மெஷின், அதற்கப்புறம் வெல்டிங். தையல்காரர் துணியில் சாக்பீஸ் வைத்துக் கோடு போடுகிறாரே, அதே வேலைதான். என் துணி எண்ணூறு கிலோ இருக்கும், தப்பாக வெட்டினால் ஒட்டுப் போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். பதினெட்டு வருஷமாகக் கோடு போடுகிறேன். "ரெக்ஸ் போட்ட கோடா, அளக்க வேண்டாம், வெட்டு" என்று கட்டர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் என் பெண்டாட்டி ஜெஸ்லினே சிரிப்பாள்.

தட்டையாகக் கிடக்கும் தகட்டுக்கு உள்ளும் கிடையாது, வெளியும் கிடையாது. மெஷினில் உருட்டி வளைத்த பிறகுதான் ஒரு முகம் உள்ளே போகும், ஒரு முகம் வெளியே நிற்கும். எது உள்ளே போக வேண்டும் என்று முதலிலேயே முடிவு பண்ணுவது நான். அந்த முகத்தின் மூலையில் சாக்பீஸால் 'உள்' என்று எழுதுவேன். சில வேலைக்கு 'வெளி' என்று எழுத வேண்டியிருக்கும். ரோலிங் ஆபரேட்டர் 'உள்' என்றிருந்தால் எழுத்து மேலே வரும்படி விடுவான், 'வெளி' என்றிருந்தால் தகட்டைப் புரட்டி விடுவான். எழுத்து இல்லாத தகடு ரோலுக்குப் போகக் கூடாது. எங்கள் ஷெட்டில் இது ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரி, யாரும் மீறுவதில்லை. என் 'உ' வேறு கொஞ்சம் பிரசித்தம். வால் நீளமாக இழுத்துக்கொண்டு போகும். அண்ணாச்சி சாயர்புரத்துக்காரர், சி.எஸ்.ஐ. "ஏலே ரெக்ஸு, மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்து தகட்டுத் தகட்டுக்குப் பிள்ளையார் சுழி போடுதியே, உங்க சாமியாருக்குத் தெரியுமாலே?" என்பார். பீகார் பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அந்த வாலைப் பார்த்தால் தகட்டை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று தெரியும்.

அந்த மாதம் ஒரு கம்பெனிக்கு அஞ்சு டேங்க். முதல் நாலுக்கும் டிராயிங், டேங்குக்கு உள்ளேயிருந்து பார்த்த மாதிரி போட்டிருந்தார்கள். அஞ்சாவது வேறு யாரோ போட்டது. வெளியிலிருந்து பார்த்த படம். அதைத் தாளின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தார்கள். நான் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்தேன். சத்தியமாகப் படித்தேன். படித்துவிட்டுக் கோடு போட்டு முடித்து, மூலைக்கு வந்ததும் நாலு டேங்குக்கு எழுதிய கை அஞ்சாவதற்கும் 'உள்' என்றே எழுதிவிட்டது. 'வெளி' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில் டேங்க் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிப் போனது. தலைகீழாக நிறுத்தினால் பைப் துளை சரியான பக்கத்துக்கு வந்துவிடும், ஆனால் ஆள் நுழையும் வாசல் ஆகாயத்தில் இருக்கும்.

ரோலிங் ஆபரேட்டர் ஆன்றோ. என் தங்கச்சி ஸ்டெபியின் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னாலேயே என்னோடு வேலை பார்த்தவன்தான். நான்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், நான்தான் அம்மாவிடம் பேசினேன். வேலைக்காரன். தகடு ரோலருக்கு வெளியே வந்ததும் கொஞ்சம் திரும்பி விரியும். எவ்வளவு விரியும் என்பது தகட்டுக்குத் தகடு மாறும். அதைக் கணக்கில் வைத்து ஒரு இழை கூடுதலாக அழுத்துவான். வளைவை அளக்கிற அச்சை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு காகிதம் நுழையாது. அவனுக்கு ஓமனில் வேலை கூடி வந்திருந்தது. முன்னால் ரெண்டு தடவை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. இது மூன்றாவது. அந்தக் கம்பெனி நாற்பது வயசுக்கு மேல் ஆள் எடுக்காது. ஆன்றோவுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இவன் இத்தனை வருஷம் இங்கே ரோலிங் பார்த்தான், நல்ல வேலைக்காரன் என்று அண்ணாச்சி கையெழுத்தும் சீலும் வைத்த ஒரு கடிதம் மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் ஏஜென்ட் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கடிதம் டைப் அடித்து அண்ணாச்சி மேஜையில் கிடந்தது. "திங்கக்கிழமை காலைல போட்டுத் தாரேன்லே" என்று சொல்லியிருந்தார்.

நானும் ஒரு காலத்தில் ரெண்டு தடவை மெட்ராஸுக்குப் போய் வெளிநாட்டு வேலைக்கு டெஸ்ட் கொடுத்து, ரெண்டு தடவையும் பஸ் ஏறித் திரும்பி வந்தவன். ஆன்றோவுக்கு வேலை கிடைத்தது என்று ஸ்டெபி போனில் கத்தியபோது எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு அடியில் வேறு ஒன்றும் கிடந்தது. அதையும் சொல்லிவிடுவது நல்லது.

சரி, மூன்றரை மணிக்கு வருகிறேன். ஆள் நுழையும் வாசல் வழியாகவே டேங்குக்குள் நுழைந்தேன். உள்ளே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி சூடு. மூலையில் என் எழுத்து இருந்தது. ரோலர் அழுத்தியதில் வெள்ளை கொஞ்சம் குறைந்திருந்தாலும் 'உள்' என்று குழந்தைகூட வாசிக்கும். நான் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்றால் என்னை நானே பெரிய ஆளாக்குகிறேன் என்று அர்த்தம். உள்ளங்கையை வைத்து ரெண்டு தேய் தேய்த்தேன். போய்விட்டது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது டீக்குப் போனவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். "அண்ணாச்சி, அஞ்சாவது டேங்க் மாறிப் போச்சு. தகடு உள்வெளியா உருண்டிருக்கு." முதலில் சொன்னவன் யோக்கியன் ஆகிவிடுவான், அதுதான் அதிலுள்ள சூது.

அவர் வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "ஏலே ஆன்றோ! எந்த முகத்தைலே மேல விட்டே?"

"உள்னு எழுதியிருந்த முகம் அண்ணாச்சி."

"எங்கன எழுதியிருக்கு? காட்டு."

ஆன்றோ போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தான். வெளியே நாங்கள் எல்லாரும் நின்றோம். வெளிச்சம் உள்ளே அங்கும் இங்கும் போவது பைப் துளை வழியாகத் தெரிந்தது. மூலைக்குப் போய் நின்றது. திரும்ப நகர்ந்தது. மறுபடியும் மூலைக்கே வந்தது. கடைசியில் ஆன்றோ வெளியே வந்து, "இல்ல அண்ணாச்சி. ஆனா இருந்துச்சு" என்றான்.

"ரெக்ஸு, நீ எழுதினியா இல்லையா?"

அந்த நேரம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்து போயிருக்கும். திட்டியிருப்பார். ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பார். அதைத் தாண்டி என்ன? ஆனால் கட்டர்கள் நின்றார்கள், பீகார் பையன்கள் நின்றார்கள். "எழுதாம விடமாட்டேன் அண்ணாச்சி. எழுதியிருந்தா வெளின்னுதான் எழுதியிருப்பேன். டிராயிங் அப்படித்தான இருக்கு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஆன்றோ என்னைப் பார்த்தான். டார்ச்சை அணைத்தான்.

"எழுத்து இல்லாத தகட்டை விட்டிருக்கான், இல்லன்னா வெளியை உள்ளுன்னு வாசிச்சிருக்கான்" என்றார் அண்ணாச்சி. "எதுன்னாலும் தப்பு தப்புதான். கர்த்தருக்குப் பொதுவாச் சொல்லுதேன், இவனை நல்ல வேலைக்காரன்னு எழுதி எப்படிலே சீல் வைப்பேன்? நாளைக்கு அங்கன போயி இதே மாதிரி செஞ்சான்னா?" ஆபீசுக்குள் போனார். மேஜை டிராயர் இழுக்கிற சத்தமும் சாத்துகிற சத்தமும் வெளியே வரைக்கும் கேட்டது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஆன்றோ ரோலர்களை மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு வேஸ்ட்டால் துடைத்து, ஆயில் தடவிவிட்டுத்தான் போவான். உப்பளக் காற்றுக்கு இரும்பு ஒரு ராத்திரி தாங்காது, பழுப்புப் பூத்துவிடும். அன்றைக்குத் துடைக்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, மேல் ரோலருக்கு அடியில் டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிப் போனான். கோபத்தில் போகிறான் என்று நினைத்தேன். கோபப்படட்டும், அது நல்லதுதான் என்றும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். ஜெஸ்லின் ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஈஸ்டருக்கு அவள் தள்ளிவிட்டால் போகிற ஆள். சாமியார் புதுசு, சின்ன வயசு. தகடு, ரோலர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. "இதனால பாதிக்கப்பட்ட ஆள் இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்கான் சாமி."

"அப்போ எங்கிட்ட சொன்னது மட்டும் போதாது. யாருகிட்ட சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லணும்."

இது எனக்குத் தெரியாதாக்கும்! இதைக் கேட்கவா முட்டி வலிக்க முழங்காலில் நின்றேன்? சாமியாருக்கென்ன, தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லிவிடுவார். எரிச்சலோடு எழுந்து வந்தேன். சொன்ன ஜெபங்களை மட்டும் ஒன்று குறையாமல் சொல்லி முடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஸ்டெபி நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வந்து சாப்பிட்டுப் போவது வழக்கம். ஆனால் ஆன்றோ உள்ளே வரவில்லை. தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்திருந்தான். "மாப்ளைக்கு உள்ள வர வழி தெரியாதாமா?" என்று சத்தமாகக் கேட்டேன். ஸ்டெபி சிரிக்கவில்லை.

"அண்ணே, அவரு ராத்திரி சாப்பிடல. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு. எழுத்து இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுதாரு. நீ எழுதலையா?"

"ஏளா, அங்க நூறு தகடு வருது போகுது. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குமா?"

"நூறுல உனக்கு ஒண்ணு ஞாபகம் இல்லன்னா சரி. அவருக்கு இந்த ஒண்ணுதான் இருக்கு." தெருமுனைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பெட்டி வாங்கி வச்சிருக்கேன் அண்ணே. பிள்ளை அதுக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு நானும் ஓமனுக்கு வாரேங்கா. நீ அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாரு. தப்பு அவரு மேலயே இருந்துட்டுப் போகட்டும், கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொல்லு."

தப்பு அவர் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் தங்கச்சி என்னிடமே கேட்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, நெஞ்சுக்குள் யாரோ கிரைண்டர் ஓட்டினார்கள். "பாக்கேன் போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் ஜெஸ்லின் கொடுத்த மீன்குழம்பைக்கூட வாங்காமல் போய்விட்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "கையில என்ன, அலர்ஜியா?" என்று ஜெஸ்லின் கேட்டாள். உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கே ஷெட்டுக்குப் போனேன். ஏதோ ஒரு மாதிரி அண்ணாச்சியிடம் பேசி, பழியைப் பாதி அங்கே பாதி இங்கே என்று பிரித்துக் கடிதத்தை வாங்கிவிடலாம் என்று வழி நெடுகக் கணக்குப் போட்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆன்றோ வந்திருந்தான். பீகார் பையன்கள் கிரைண்டரைப் போட்டுவிட்டார்கள், நெருப்புப் பொறி பறந்துகொண்டிருந்தது. ஆன்றோ என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டான்.

"மச்சான், இங்கன வாங்க."

எட்டு வருஷமாக 'மச்சான், நீ வா, நீ போ' என்றவன். இன்றைக்கு 'வாங்க' என்கிறான்.

தார்ப்பாயை இழுத்தான். ரெண்டு நாள் உப்புக் காற்றில் மூன்று ரோலரும் பழுப்புப் பூத்திருந்தன. பட்டனை ஒரு தட்டுத் தட்டினான். மேல் ரோலர் முனகிக்கொண்டு கால் சுற்று சுற்றி நின்றது. அடியில் இருந்த பக்கம் எங்கள் கண்ணுக்கு நேராக வந்தது.

ரோலரின் வலது ஓரத்தில் என் எழுத்து இருந்தது. ஆயில் பிசுக்கில் சாக்பீஸ் பொடி அப்படியே ஒட்டியிருந்தது. இடம் வலமாக மாறி, 'ள்' முன்னாலும் 'உ' பின்னாலும். வால் அந்தப் பக்கமாக நீண்டு போயிருந்தது. 'வெளி' என்று சொல்ல வழியே இல்லை. வேறு ஆள் எழுதியது என்று சொல்லவும் வழியில்லை. அந்த வால் என்னுடையது என்று பீகார் பையன்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். தகட்டிலிருந்து அழித்தேன், அதை அழுத்திய ரோலரை நினைக்கவில்லை. பதினெட்டு வருஷ அனுபவசாலி!

"சனிக்கிழமையே பாத்துட்டேன்" என்றான் ஆன்றோ. கிரைண்டர் சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னான். "உங்க கால்சட்டையில வெள்ளை ஒட்டியிருந்ததையும் பாத்தேன்."

"மாப்ளே..."

"அப்பவே அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். ஸ்டெபிக்கு நீங்கன்னா உசுரு. அவகிட்டயும் சொல்லல." பக்கத்து டப்பாவிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு கை வேஸ்ட்டை எடுத்து என் கையில் வைத்தான். "நான் காட்டவும் மாட்டேன், துடைக்கவும் மாட்டேன். எழுதினது நீங்க. பத்து மணிக்கு எனக்குத் தகடு வரும், வந்தா இது தானா அழிஞ்சிரும்."

சொல்லிவிட்டு மெஷினுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். என்னைப் பார்க்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மண்ணெண்ணெய் விரலிடுக்கு வழியாக வழிந்து முழங்கை வரைக்கும் போனது. சனிக்கிழமை தேய்த்த அதே கை. இன்னும் ரெண்டு தேய் தேய்த்தால் போதும். ஒருத்தருக்கும் தெரியாது. ஆன்றோ வாயைத் திறக்க மாட்டான், சாகும் வரைக்கும் திறக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்திருப்பான்.

வாசலில் அண்ணாச்சியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

"அண்ணாச்சி!" என்றேன். கிரைண்டர் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், கேட்கவில்லை, நான் என்ன செய்ய என்று ஒரு நிமிஷம் மனசு ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

வேஸ்ட்டைக் கீழே போட்டேன். சுவரோரம் போய் மெயின் ஸ்விட்சை இழுத்தேன். எல்லா மெஷினும் இழுத்துக்கொண்டே போய் நின்றன. பீகார் பையன்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்கள். கட்டர்கள் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, ரோலிங் மெஷின்கிட்ட வாங்க. ஒண்ணு காட்டணும்."

"கரண்டை ஏன்லே நிப்பாட்டுனே?" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் விரலை நீட்டிக் காட்டினேன். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார், பிறகு மறு பக்கம். ஒன்றும் பிடிபடாமல் ஒரு விரலை எடுத்து, ரோலரைத் தொடாமல், அந்த எழுத்தின் மேலேயே காற்றில் எழுதிக்கொண்டு போனார். விரல் சுழியைச் சுற்றி வந்தது, வாலைப் பிடித்தது, வாலோடு நீளமாகப் போய் முடிகிற இடத்தில் நின்றது. விரலை எடுக்காமலே மெதுவாக என் பக்கம் திரும்பினார்.